பொருள் மட்டும் போட்டால் போதாது: ஆங்கில மரபுத்தொடர்க் கட்டங்கள் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ் நாளிதழ்களின் மாணவர் பக்கங்களில் ஆங்கில மரபுத்தொடருக்கென்று ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குவது பழைய வழக்கம். மேலே தொடர், அடியில் தமிழில் பொருள், இடம் மிஞ்சினால் ஒரு வாக்கியம். அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தத் தொடரை நேர்ப்பேச்சில் எடுத்துவிடும்போது எதிரில் இருப்பவரின் முகம் ஏன் ஒரு மாதிரி ஆகிறது என்று அவர்களுக்குப் புரிவதில்லை. கட்டத்தில் போட்ட பொருள் சரிதான். யாரிடம் சொல்லலாம், எந்த நாட்டில் செல்லும், எந்தச் சொல்லை மாற்றலாம், காதில் எப்படி விழும் என்ற நான்கும் அதில் இல்லை.

'கிக் த பக்கெட்' என்றால் 'இறந்துபோதல்' என்றுதான் எங்கும் போட்டிருக்கும். தமிழில் இதற்குச் சரியான இணை 'மண்டையைப் போடுதல்'. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் 'உங்கப்பா எப்ப மண்டையைப் போட்டாரு?' என்று யாராவது கேட்பார்களா? அங்கே 'தவறிட்டாராமே' என்போம். சுவரொட்டியில் 'இயற்கை எய்தினார்', செய்தித்தாளில் 'காலமானார்'. ஆங்கிலத்திலும் இதே படிநிலைதான். ஆறுதல் சொல்லுமிடத்தில் 'பாஸ்ட் அவே', மருத்துவக் குறிப்பில் வெறும் 'டைட்', கேலிப் பேச்சில் மட்டும் 'கிக் த பக்கெட்'. பிரிட்டனில் அதே கேலித் தொனியில் 'பாப்ட் ஹிஸ் க்ளாக்ஸ்' என்பதும் உண்டு. கட்டத்தில் 'இறந்துபோதல்' என்பதற்குப் பதிலாக 'மண்டையைப் போடுதல்' என்று அச்சிட்டிருந்தால் பொருளோடு தொனியும் சேர்ந்து போயிருக்கும். கூடுதலாக ஒரு வரிகூடத் தேவைப்பட்டிருக்காது.

இதே தொடரில் இலக்கணம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. 'மண்டை போடப்பட்டது' என்று தமிழில் சொன்னால் சிரிப்பு வரும். 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்பதும் அப்படித்தான். செயப்பாட்டு வினையாக்கிய உடனே சாவு மறைந்து நிஜ வாளி ஒன்று உருளத் தொடங்கிவிடும். ஆனால் இரகசியத்தைப் போட்டு உடைப்பதைக் குறிக்கும் 'ஸ்பில் த பீன்ஸ்' வளைந்து கொடுக்கும். 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் கேட்பவருக்குப் புரியும். பகையை மறந்து சமாதானமாவதைச் சொல்லும் 'பெரி த ஹேட்செட்' என்பதும் அதே வகை. காரணம் எளியது. பீன்ஸ் இருக்கும் இடத்தில் இரகசியத்தையும், கோடரி இருக்கும் இடத்தில் பகையையும் வைத்துப் பார்க்கலாம், வாக்கியம் நிற்கும். வாளிக்கு அப்படித் தனிப்பொருள் கிடையாது, முழுத் தொடரும் சேர்ந்தால்தான் சாவு. புதுத்தொடர் ஒன்றைக் கண்டால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருளைப் பிரித்துக் கொடுக்க முடியாவிட்டால், வினையின் காலத்தைத் தவிர எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

சொல் வரிசையும் அப்படியே. 'அக்கம்பக்கம்' என்பதை யாரும் 'பக்கம் அக்கம்' ஆக்குவதில்லை. 'சேஃப் அண்ட் சவுண்ட்' (பத்திரமாக), 'ப்ராஸ் அண்ட் கான்ஸ்' (சாதக பாதகங்கள்) இரண்டையும் திருப்பிப் போட முடியாது.

நம்மவர்கள் மிக அதிகமாகச் சறுக்குவது 'எ', 'த' என்ற குட்டிச் சொற்களில். தமிழில் அவை இல்லாததால் காதும் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் அல்வா சாப்பிடுவதுபோல எளிய வேலை. 'எ பீஸ் ஆஃப் த கேக்' என்று 'த' நுழைந்துவிட்டால் மேசையில் இருக்கும் கேக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மிகச் சரியாகச் சொல்வதைக் குறிக்கும் 'ஹிட் த நெயில் ஆன் த ஹெட்' என்பதில் 'த' இரண்டு முறை வரவேண்டும். இரண்டாவது இடறல் வேற்றுமை உருபு. 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' நம் மனத்தில் ஊறியிருப்பதால், 'இல்' அப்படியே 'இன்' ஆகி 'கில் டூ பேர்ட்ஸ் இன் ஒன் ஸ்டோன்' என்று வருகிறது. சரியானது 'வித் ஒன் ஸ்டோன்'. ஆங்கிலத்தில் கல் ஒரு கருவி; கருவிக்கு 'வித்'.

உருபு மாறினால் பொருளே மாறும் இடமும் உண்டு. அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் 'அட் தி எண்ட் ஆஃப் த டே' என்று தொடங்கினால், 'எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால்' என்று அர்த்தம். 'பை தி எண்ட் ஆஃப் த டே' என்றால் இன்று மாலைக்குள் வேலை முடிந்தாக வேண்டும். முதலாவதைக் கேட்டுப் பதறி இரவெல்லாம் உட்கார்ந்தால் நட்டம் தூக்கத்தோடு போகும். இரண்டாவதைத் தத்துவம் என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பினால் விளைவு கொஞ்சம் பெரிது.

தமிழ் இணையைக் கொடுப்பது நல்ல உத்தி என்று மேலே சொன்னேன். அதிலும் கண்ணிவெடிகள் உண்டு. 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்பது செல்லமாகக் கிண்டல் செய்வது. நம் 'காலை வாரிவிடுதல்' நம்பவைத்துக் கழுத்தறுப்பது. 'கீப் அன் ஐ ஆன் த சைல்ட்' என்றால் குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று பொருள். நம் ஊரில் குழந்தைமேல் 'கண் வைத்தால்' பாட்டி உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். 'வயிறு எரிகிறது' என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால், கேட்பவர் அமிலக் கோளாறுக்கு மாத்திரை தருவார். 'ஐஸ் வைத்தல்' அங்கே 'பட்டரிங் அப்'. 'புட்டிங் ஐஸ்' என்று நீங்கள் சொன்னால், ஒரு திட்டத்தை ஒத்திப்போடுவதைக் குறிக்கும் 'புட் ஆன் ஐஸ்' அவர்கள் நினைவுக்கு வந்துவிடலாம். 'தலைக்கனம்' அங்கே 'பிக்-ஹெடட்'. 'ஹெட் வெயிட்' என்று ஒன்று அவர்களிடம் இல்லை.

நுட்பமாக விலகுபவை இன்னும் சிக்கலானவை. 'சிட் ஆன் த ஃபென்ஸ்' என்பதற்கு எல்லோரும் 'மதில்மேல் பூனை' என்று எழுதுகிறோம். நம் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை. முடிவின் நிச்சயமின்மைதான் அங்கே செய்தி. வேலிமேல் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயரோ வேண்டுமென்றே பக்கம் சாராமல் நழுவுகிறார். சொல்பவரின் குரலில் குற்றச்சாட்டு இருக்கும். 'நானும் வேலிமேல்தான் இருக்கிறேன்' என்று பெருமையாகச் சொல்ல முடியாது. 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்' என்பதும் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்பதும் ஒரே அளவுப் பயம் அல்ல. மேடை ஏறுமுன் வரும் படபடப்பு, கொஞ்சம் உற்சாகமும் கலந்தது, வண்ணத்துப்பூச்சி. புளியில் உற்சாகம் எதுவும் கிடையாது.

அச்சாகப் பொருந்துபவையும் இருக்கின்றன. 'பைட் த டஸ்ட்' நம் 'மண்ணைக் கவ்வுதல்'தான். இதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் 'பைட் த புல்லட்' என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' அத்தி பூத்தாற்போல. 'கேரி கோல்ஸ் டு நியூகாஸில்' கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நியூகாஸில் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற நிலக்கரித் துறைமுகமாக இருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் தொடர் பசுமரத்தாணியாகும். ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசி வைக்கோலுக்கு நம்மிடம் 475ஆம் குறள் இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்': மயிற்பீலிதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறியும். விவிலியத்திலிருந்து போனவற்றைக் கிறித்தவ வாசகர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ரோம ஆளுநர் பிலாத்து கைகழுவியது மத்தேயு 27இல். அரண்மனைச் சுவரில் விரல்கள் எழுதியது தானியேல் 5இல். வரப்போகும் கேட்டின் முன்னறிகுறியைச் சொல்லும் 'ரைட்டிங் ஆன் த வால்' அங்கிருந்து வந்தது. கதை தெரியாமல் 'சுவரெழுத்து' என்று மட்டும் பெயர்த்தால் தேர்தல் சின்னம்தான் கண்ணில் தெரியும்.

அடுத்து நாடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்று அவசரப்படுத்த, அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்று மறுக்க, நெடுநேரம் வாக்குவாதம் நடந்ததைச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு விவாதத்துக்கு எடுத்தல் என்று பொருள். அமெரிக்காவில் எடுக்காமல் ஒதுக்கிவைத்தல். இரு தரப்பும் விரும்பியது ஒன்றைத்தான். நம் நாடாளுமன்றச் செய்திகளில் வருவது பிரிட்டிஷ் வழக்கு. அதைப் படித்தே வளர்ந்த நம் பொறியாளர், அமெரிக்க வாடிக்கையாளர் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்றதும் கணினியில் அடுத்த பக்கத்தைத் திறந்து விளக்க ஆரம்பித்தால், தப்பு யாருடையது?

விளையாட்டும் அப்படியே பிரிகிறது. அமெரிக்கத் தொடர்களில் பேஸ்பால் நிறைந்திருக்கும். 'பால்பார்க் ஃபிகர்' என்பது குத்துமதிப்பான தொகை. 'ரெயின் செக்' மழையால் நின்ற ஆட்டத்துக்கு வேறொரு நாள் வரத் தரும் சீட்டு. 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றால் இன்று முடியாது, பிறகு பார்க்கலாம் என்ற நயமான மறுப்பு. குடை எடுத்துவர வேண்டியதில்லை. பிரிட்டனில் கிரிக்கெட். இங்கே நம் கிரிக்கெட் அறிவே காலை இடறும். சிக்ஸர் அடிப்பது நமக்குக் கொண்டாட்டம் ஆயிற்றே. ஆனால் 'இட் நாக்ட் மீ ஃபார் சிக்ஸ்' என்று ஆங்கிலேயர் சொன்னால் அவர் நிலைகுலைந்து போயிருக்கிறார். அந்த வாக்கியத்தில் அவர் மட்டையாளர் அல்லர், அடிவாங்கிய பந்து. வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு சொல் மட்டும் வேறுபடும் இரட்டைகள் நிறைய. பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'; பிரிட்டனில் கடலில் ஒரு துளி, அமெரிக்காவில் வாளியில் ஒரு துளி; பிரிட்டனில் தேநீர்க் கோப்பையில் புயல், அமெரிக்காவில் தேநீர்ப் பானையில். எதைச் சொன்னாலும் புரியும்; கலந்துகட்டிச் சொன்னால்தான் விநோதமாக இருக்கும். நம் நாட்டுத் தொடர்களையும் இந்தப் பார்வையில் பார்க்க வேண்டும். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'கிரீன் சிக்னல்' இவை தவறு என்று மட்டம் தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவுக்குள் அவை செல்லும் நாணயம். வெளியே போகும்போது 'அவுட் ஆஃப் டவுன்', 'கிரீன் லைட்' என்று மாற்றிக்கொண்டால் போதும். அவசியம் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்றால் அந்த ஆண்டு நீங்கள் மயங்கி விழுந்ததாகவே வெளிநாட்டு நேர்காணலில் எடுத்துக்கொள்வார்கள்.

பிரிட்டனுக்கு வேலைக்குச் செல்லும் நம் செவிலியர்களுக்கு இது பரிகாசத்தோடு போகும் விஷயமில்லை. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்று ஆங்கிலத் திறன் தேர்வு எழுதித் தேறிவிடலாம். வார்டில் முதியவர் ஒருவர் 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்பார். சிறுநீர் கழிக்க வேண்டும் என்று அர்த்தம். பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்தின் எச்சம் அது. 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்றால் குடிநீர்க் குழாய் பழுதாகிவிடவில்லை, சிறுநீர்ப் பாதையில் தொல்லை. 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' மரத்துப்போன கைகால் உணர்வு பெறும்போது குறுகுறுவென்று குத்துவது. படுக்கையில் ஊசி தேட வேண்டாம். தொண்டையில் 'ஃப்ராக்' இருந்தால் குரல் கம்மியிருக்கிறது. 'ஆஃப் கலர்', 'அண்டர் த வெதர்' இரண்டும் சாதாரண உடம்பு சரியில்லாமை. புற்றுநோய்க்காரரைப் பற்றி அப்படிச் சொன்னால் நோயைக் கேலி செய்வதுபோல இருக்கும். 'ஆன் த மெண்ட்' தேறி வருதல். 'ரைட் ஆஸ் ரெய்ன்' பூரண குணம், மழைக்கு அதில் வேலையில்லை.

இங்கே கடைப்பிடிக்க வேண்டிய முறை ஒன்றே. நோயாளி சொன்னதை எளிய சொல்லில் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்: 'டூ யூ மீன் யூ நீட் த டாய்லெட்?' தாம் கேட்கும் கேள்வியில் செவிலியர் மரபுத்தொடரே சேர்க்காமல் இருப்பது உத்தமம். மேடைக் கலைஞர்களுக்குச் சொல்லும் 'ப்ரேக் எ லெக்' என்ற வாழ்த்தை, இடுப்பெலும்பு அறுவைக்குப் போகும் பாட்டியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லிவைக்க வேண்டாம்.

பொருள் தெரிந்த தொடரே காதில் விழாமல் போவதும் நடக்கிறது. 'எ பீஸ் ஆஃப் கேக்' பேச்சில் 'எபீசகேக்' என்றுதான் ஒலிக்கும். 'கப் ஆஃப் டீ' 'கப்பட்டீ' ஆகிவிடும். 'ஆஃப்' தேய்ந்து ஒரு சிறு அகரமாகிவிடுகிறது. அழுத்தம் பெரும்பாலும் தொடரின் கடைசி முக்கியச் சொல்லில் விழும்: கேக், டீ, ஹெட். புணர்ச்சி நமக்குப் புதிதில்லை. 'என்ன ஆயிற்று' என்பதை 'என்னாச்சு' என்று சொல்பவர்கள்தானே நாம். பயிற்சிக்கு 20 விநாடி உரையாடல் ஒன்றை எடுத்து, திரையில் எழுத்து ஓடவிடாமல் 3 முறை கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பார்க்கலாம். பிறகு ஆங்கில வரியோடு ஒப்பிட்டால் எந்த இடம் தேய்ந்தது என்று தெரியும். தமிழ் எழுத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மழை கொட்டுகிறது என்பதற்கு அங்கே இன்று இயல்பாகச் சொல்லும் சொல்லை (pouring) தமிழில் எழுதினால் 'போரிங்' என்று வந்து மழையையே சலிப்பாக்கிவிடும். நம் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த பூனை-நாய் மழையை அங்கே உள்ளவர்கள் இப்போது அபூர்வமாகத்தான் பெய்யவிடுகிறார்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம மதிப்பு. 7ஆம் படிநிலையில் 'இடியமாட்டிக்' சொல்வளம் என்று ஒரு வரி வருகிறது. இதைப் பழமொழிப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு நூறு தொடர்களை உருப்போட வைக்கும் பயிற்சி மையங்கள் மாணவரைக் கெடுக்கின்றன. அந்தச் சொல்லின் பரப்பு மிகப் பெரிது. 'ரன் அவுட் ஆஃப் டைம்', 'புட் அப் வித்', 'கம் அப் வித்', 'ஃபேர் இனஃப்', 'இட் டிபெண்ட்ஸ்' எல்லாம் அதில் அடக்கம். அன்றாடப் பேச்சு நடப்பதும் இவற்றில்தான். உருப்போட்ட அலங்காரத் தொடர், கைத்தறி வேட்டியில் வைத்த ஜிகினாப் பொட்டுபோலத் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். பத்து நிமிடப் பேச்சில் ஒன்றிரண்டு தாராளம். கேட்டால் புரியும்படி முந்நூறு தெரிந்திருக்கட்டும், வாயில் முப்பது போதும்.

தெரியாத தொடர் காதில் விழுந்தால் தலையாட்டுவதுதான் மிக மோசம். முதலில், நேர்ப்பொருள் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்றால், சொன்னவர் முகம் பாராட்டைக் காட்டுகிறதா எரிச்சலையா என்று கவனிக்க வேண்டும். பாதிப் பொருள் அதிலேயே கிடைத்துவிடும். 'யூ ட்ராப்ட் த பால்' என்றவர் சிரிக்கவில்லை என்றால், பொறுப்பில் கோட்டைவிட்டீர்கள் என்கிறார். பிறகு தயங்காமல் 'சாரி, வாட் டஸ் தட் மீன்?' என்று கேட்டுவிடலாம். அவர்கள் ஆர்வமாகவே விளக்குவார்கள். வீட்டுக்கு வந்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் போன்ற பயில்வோர் அகராதி ஒன்றில், இணையத்தில் இலவசம், தொடரின் முக்கியப் பெயர்ச்சொல்லின் கீழ் தேட வேண்டும். பொருளுக்கு முன்னால் 'இன்ஃபார்மல்', 'ஓல்டு-ஃபேஷன்டு', 'டிஸ்அப்ரூவிங்', 'பிரிட்டிஷ்' என்று ஒரு குறிப்பு இருக்கும். பொருளைவிட அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். பழமையானது என்று போட்டிருந்தால் புரிந்துகொண்டு விட்டுவிடலாம், பேச வேண்டாம்.

கட்டத்துக்கு இடம் குறைவு என்று சொல்வீர்கள். ஐந்து வரி போதும். மாதிரிக்கு ஒன்று தருகிறேன்.

'ஆன் த வேகன்': குடியை விட்டிருத்தல். 'ஆன் த வாட்டர் வேகன்' என்பதன் சுருக்கம். நமக்குத் 'தண்ணி'யில் இருந்தால் போதை, அவர்களுக்குத் தண்ணீர் வண்டியில் இருந்தால் தெளிவு. பேச்சு வழக்கு, நண்பர்களிடமும் நோயாளி வாயிலும் வரும், அலுவல் கடிதத்தில் வராது. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் செல்லும். 'த' கட்டாயம், 'வேகன்' எப்போதும் ஒருமை. 'ஆந்தவேகன்' என்று காதில் விழும். எதிர்ச்சொல் 'ஃபெல் ஆஃப் த வேகன்', மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். வண்டியிலிருந்து விழுந்தார் என்று எண்ணி எலும்பு முறிவுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டாம்.

இங்ஙனம்,
ஆங்கிலப் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி